கத்திரி வெயிலில் எத்தனால் நீர்நீக்கம்: மதுரை ஆய்வகக் குறிப்புகள்

மே 5, 2025, திங்கள்
அலுமினா வினையூக்கிமேல் எத்தனால் ஆவியை விட்டு, அது நீரை இழக்கும் வேகத்தை அளப்பதுதான் வேலை. கத்திரி நேற்றே பிறந்தாச்சு. ஏசி இல்லாத ஆய்வகத்தில் காலையில் 28 டிகிரி, மதியம் 36. எத்தனாலின் ஆவியழுத்தம் 28-இல் 9.3 கிலோபாஸ்கல், 36-இல் 14.4. நைட்ரஜனை எத்தனாலுக்குள் குமிழவிட்டு அதில் ஆவியை ஏற்றும் சாச்சுரேட்டரை மேஜையில் சும்மா வைத்தால், காலைப் புள்ளியையும் மதியப் புள்ளியையும் ஒரே வரைபடத்தில் போடவே கூடாது. 10 டிகிரி குளிர்நீர்த் தொட்டியில் வைத்தால் அழுத்தம் 3.1-இல் நிற்கும். ஒரே சாச்சுரேட்டரில் வாயு ஆவியால் முழுதாக நிறைவதில்லை. இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். அதற்குப் பிறகுள்ள குழாய்க்கெல்லாம் ஹீட்டிங் டேப் சுற்றி 110 டிகிரி, ஆவி வழியில் திரவமாகாமல் இருக்க.

ரெக்டிஃபைடு ஸ்பிரிட் வேண்டாம். அதிலுள்ள 5% அளவு நீர் வினைவேகத்தைக் கெடுக்கும். நீர் நீக்கிய அப்சல்யூட் ஆல்கஹால்தான்.

மே 6, செவ்வாய்
6 மி.மீ. உள்விட்டக் குவார்ட்ஸ் குழாய். வினையூக்கியான காமா அலுமினா 100 மி.கி., துகள் 180–250 மைக்ரான், அதே துகள் அளவுள்ள குவார்ட்ஸ் தூள் 1 கிராம் கலந்து. வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை இந்தத் தூள் படுகைக்குள்ளேயே இருக்கணும்; உலைச்சுவரின் வெப்பநிலை கணக்கில் சேராது. 450 டிகிரியில் உலர்ந்த காற்று, 3 மணி நேரம். அலுமினா பிடித்துவைத்திருக்கும் நீரும் கார்பனேட்டும் போகும். குவார்ட்ஸ் மட்டும் போட்டு ஒரு வெற்று ஓட்டம் கட்டாயம். எஃகுக் குழாய் என்றால் அதன் சுவரே அசிட்டால்டிஹைடு தரும். பழி அலுமினாமேல் விழும்.

மே 8, வியாழன்
215 டிகிரி, வினைப்படும் எத்தனால் 5 சதவீதத்துக்குள். ஒரு மூலக்கூறு நீரை இழந்தால் எத்திலீன், இரண்டு சேர்ந்து இழந்தால் டைஎத்தில் ஈதர். எத்தனால் அழுத்தத்தைக் கூட்டினால் எத்திலீன் வேகமும் கூடும் என்றுதான் புதிதாக வருபவர்கள் எதிர்பார்ப்பார்கள். இந்த வெப்பநிலையில் அது குறையும்! அலுமினாவில் வினை நடக்கும் இடமான அமிலத்தளத்தில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக, எத்தனால்–எத்தனால், எத்தனால்–நீர் என்று ஒட்டிக்கொண்டு, தனி மூலக்கூறு பிளவதற்கான இடத்தை அடைத்துவிடுகின்றன. ஈதர் வேகமோ அழுத்தத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, தளங்கள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால். நீரைச் சேர்த்தால் இரண்டுமே இறங்கும்.

டியூட்டீரியம் (பிணைப்பு முறிய அதிக நேரம் எடுக்கும் கன ஹைட்ரஜன்) ஏற்றிய எத்தனால் இன்னொன்றும் சொல்கிறது: எத்திலீனுக்கு வேகம் குறைகிறது, ஈதருக்குக் குறிப்பிடும்படி இல்லை. ஆக எத்திலீன் பாதையில் வேகத்தைத் தீர்மானிப்பது பீட்டா கார்பன் (ஆக்சிஜன் ஒட்டாத கார்பன்)–ஹைட்ரஜன் பிணைப்பு முறிவு. ஈதரில் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு.

தேர்திறன் (எந்த விளைபொருளுக்கு எவ்வளவு பங்கு) கணக்கில் அடிக்கடி வரும் பிழை: ஒரு மோல் ஈதருக்கு இரண்டு மோல் எத்தனால் செலவு. எத்திலீனோடு சமமாக எண்ணினால் ஈதர் பாதியாகத் தெரியும். வாயு குரோமட்டோகிராஃபின் சுடர் உணரியான எஃப்ஐடிக்கு நீர் தெரியாது, வெப்பக்கடத்தல் உணரியான டிசிடியும் வேண்டும்.

மே 13, செவ்வாய்
விரவல் சோதனை: மூலக்கூறுகள் துகளுக்குள் ஊடுருவுவதில் தடை உண்டா என்று பார்ப்பது. அதே எடை, துகள் அளவு மட்டும் 100–180 மைக்ரான். கிராமுக்கான வேகம் மாறவில்லை என்றால் துளைகளுக்குள் தடை இல்லை. தடை கடுமையாக இருந்தால் செயலூக்க ஆற்றல் (வினை தொடங்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) ஏறக்குறைய பாதியாகத்தான் தெரியும். அந்த எண்ணை வைத்து வழிமுறை பேசுவது வீண். துகளுக்கு வெளியே வாயுவில் உள்ள தடைக்கு, எடையையும் பாய்வையும் ஒரே விகிதத்தில் கூட்டிப் பார்ப்பது.

மே 16, வெள்ளி
கரண்ட் போனால் உலை ஆறும், சாச்சுரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த அலுமினா ஆல்கஹாலை உறிஞ்சிக்கொள்ளும். கரண்ட் வந்ததும் குரோமட்டோகிராஃபில் செலுத்தும் முதல் சில மாதிரிகளில் வருவது பழைய சரக்கு. கரண்ட் போனதும் நான்குவழி வால்வில் எத்தனால் ஆவியை உடனே பைபாஸுக்கு மாற்றி, படுகைமேல் வெறும் நைட்ரஜன் விட வேண்டும். ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதிக்கும். மதியத்தில் இந்த அறையில் அது திரவமாகவே நிற்காது. ஐஸ் பொறியும் வெளியே போகும் குழாயும் வேண்டும்; பக்கத்தில் பன்சன் அடுப்பு கூடாது. பொறியில் சேர்ந்ததை நாள்கணக்கில் வைக்கக் கூடாது, பெராக்சைடு உண்டாகும். பொட்டாசியம் அயோடைடு தாள் மஞ்சளானால் காய்ச்சி வடிக்கவே கூடாது.