ஸ்கூப்பைக் காணவில்லை

பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. ஜிம்மில் சேர்ந்த உற்சாகத்தில், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடியை வாங்கிக் குடித்தேன். அந்த ஒரு வாரத்தில் டம்பெல்லைத் தூக்கிய நேரத்தைவிடக் கழிப்பறைக் கதவைத் தாழிட்டிருந்த நேரம் அதிகம். "லாக்டோஸ், அதான் பால்ல இருக்கிற சர்க்கரை, சேரலை போல சார். பிளான்ட் புரோட்டீனுக்கு மாறிடுங்க" என்றார் ட்ரெய்னர். அவர் அதைச் சொல்ல இரண்டு விநாடி ஆகியிருக்கும். நான் மாறி முடிக்க நான்கு மாதமும் ஒரு வெள்ளைச் சட்டையும் செலவாயின.

முதலில் வாங்கியது ஹெம்ப். டப்பாவில் இலை படம் போட்டிருந்தது. அதைப் பார்த்த மனைவி, "என்னங்க, இது கஞ்சா இலை மாதிரி இருக்கு?" என்றாள். அதே செடி இனம்தான், ஆனால் இதில் போதை கிடையாது, வெறும் விதைப் பொடி என்று விளக்கினேன். தலையாட்டினாள். ஆனால் நான் குடித்து முடித்த பிறகு அரை மணி நேரம் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. குளத்தடிச் சேற்றைப் பச்சையாகக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பொடியில் ஏறக்குறைய பாதிதான் புரதம். மீதியில் பெரும்பங்கு நார்ச்சத்து. வயிற்றுக்கு நல்லதுதான். நாக்குக்கு அதை யாருமே சொல்லவில்லை.

அடுத்தது பட்டாணி, சாக்லேட் சுவை. ஷேக்கரில் முதலில் பொடியைப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, கை வலிக்கக் குலுக்கினேன். மேலே நான்கு விரற்கடை நுரை, நடுவில் கலங்கல் தண்ணீர், அடியில் சிமென்ட். உள்ளே போடும் கம்பிப் பந்து அந்தச் சிமென்ட்டில் சிக்கி அசையாமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் முதலில், பொடி அப்புறம். இந்த ஒரு வரியை டப்பாவின் மேல் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? பட்டாணிப் பொடி நீரை நன்றாக உறிஞ்சும். கலக்கிப் பத்து நிமிடம் விட்டால் மணல் தட்டுவது குறையும். ஆனால் கொழகொழவென்று கெட்டியாகும். மணலா, கூழா என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

வாழைப்பழத்தோடு மிக்ஸியில் அடித்தால் இரண்டும் தெரியாது என்று பிறகு கண்டுபிடித்தேன். அதற்கு முன் சூடான காபியில் கலந்து பார்க்கும் யோசனை வந்ததுதான் விதி. மூடிய ஷேக்கருக்குள் சூடான எதையும் குலுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து மூடியைத் தள்ளும். எனக்கு அது அலுவலகத்தில், மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெரிந்தது. வெள்ளைச் சட்டை போனது அன்றுதான். மீட்டிங்கில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

அதே ஷேக்கரை அந்த அவமானத்தில் கழுவாமல் பையில் போட்டு, மூன்று நாள் மறந்தும் போனேன். "அப்பா, உங்க பைக்குள்ள ஏதோ செத்துப் போயிருக்கு" என்றான் மகன். திறந்து பார்த்தவரை அவன் சொன்னதை மறுக்க முடியவில்லை.

மூன்றாவது டப்பா பட்டாணியும் அரிசியும் கலந்தது. புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்களில், பட்டாணியில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டும். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுக்கும் வயதான தம்பதி மாதிரி. (சோயாவுக்கு இந்தத் துணை வேண்டாம், தனியாகவே சமாளிக்கும். ஒரே கிளாஸில்தான் இரண்டும் சேர வேண்டும் என்றும் இல்லை, நாள் முழுக்கச் சாப்பிடுவதில் கலந்து வந்தால் போதும்.) சுவையும் பரவாயில்லை. ஒரே குறை, பொடியை அளந்து போடும் ஸ்கூப்பைக் காணவில்லை. இந்த ஸ்கூப்புகள் எப்போதும் டப்பாவின் அடியாழத்தில்தான் புதைந்து கிடக்கும். முழங்கை வரை கையை விட்டுத் துழாவப் பொறுமை இல்லாமல், அடுக்களையில் இருந்த பெரிய கரண்டியால் காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஆரம்பித்தேன்.

நான்காவது நாளிலிருந்து வயிறு பலூன். சத்தமும் இருந்தது, விவரம் வேண்டாம். மனைவி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க ஆரம்பித்தாள்.

ஒன்பதாம் நாள் டப்பா காலி. ஒரு கிலோ டப்பா, முப்பத்து மூன்று வேளைக்கு வரும் என்று போட்டிருந்தது. எனக்கு ஒரே சந்தேகம். "டேய், நீ எடுத்துக் குடிக்கிறியா?" என்றேன். "அதையா? எனக்கு உயிர் மேல ஆசை இருக்குப்பா."

காலி டப்பாவின் அடியில் ஸ்கூப் சிரித்துக்கொண்டு கிடந்தது. நியாயமாக அதில் ஒரு தடவை அள்ளினால் 30 கிராம் பொடி, அதில் புரதம் ஏறக்குறைய 22. அடியில் ஒட்டிக் கிடந்த மிச்சத்தைச் சுரண்டிக் கரண்டியில் நிரப்பி, மகன் தராசில் வைத்தான். 55 கிராம். அதாவது வேளைக்கு 40 கிராம் புரதம், நாளைக்கு 80. சாப்பாட்டுப் புரதம் தனி.

அதுவரை எனக்கு எவ்வளவு தேவை என்று ஒரு முறைகூடக் கணக்குப் போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எடை 70 கிலோ. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் என்றால் 56. எடை தூக்குகிறவர்களுக்கு 1.2 முதல் 1.6 வரை என்று ட்ரெய்னர் சொல்கிற கணக்கில் தொடக்கமே 84. பொடி இல்லாமல் மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதிப் பார்த்தால் நாளைக்கு 65 வந்தது. ஆக மொத்தம் இருபது கிராம் குறைவு. ஒரே ஒரு ஸ்கூப். அதற்குத்தான் நான்கு மடங்கு குடித்து, குடும்பத்தையே காற்றோட்டமான வாழ்க்கைக்குப் பழக்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து லேபிள் படிப்பது என் இரவு வாசிப்பு. முன்பக்கம் "20 கிராம் புரதம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் பார்த்தால் அது இரண்டு ஸ்கூப்புக்கு, 46 கிராம் பொடிக்கு. மீதி சர்க்கரையும் கோகோவும். பட்டாணிப் புரதத்தைப் பிரிக்க காரமும் அமிலமும் சேர்ப்பதால் (காரம் என்றால் உறைக்கிற காரம் இல்லை, அது இருந்தால் சுவையாவது கிடைத்திருக்கும்) சோடியம் எட்டிப் பார்க்கும். இனுலின் என்கிற நார்ச்சத்து, கெட்டியாக்கச் சேர்க்கும் கம் வகைகள் இருந்தால் என் வயிறு அதைத் தனியே அறிவிக்கும். செடிகள் மண்ணிலிருந்து ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களையும் உறிஞ்சும். கோகோ சேர்ந்தால் காட்மியம் இன்னும் கூடலாம். அதனால் வெளி ஆய்வகத்தில் சோதித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, இந்த முறை வனிலாவுக்கு மாறினேன்.

நான்காவது டப்பா நேற்று வந்தது. இனி கரண்டிக்கே இடமில்லை என்று சட்டையைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை கையை விட்டேன். இல்லை. இடது கையால் துழாவினேன். இல்லை. மனைவி பொறுமை இழந்து மொத்தப் பொடியையும் பெரிய பாத்திரத்தில் கொட்டினாள். வனிலா மேகம் எழுந்து அடங்கியது. நாங்கள் மூவரும் மாவு மில் ஊழியர்கள் போல நின்றோம். ஸ்கூப் இல்லை.

மகன்தான் டப்பாவைத் திருப்பிப் படித்தான், கண்ணில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கிட்டே வைத்து. "பிளாஸ்டிக்கைக் குறைப்பதற்காக இதில் ஸ்கூப் வைக்கப்படவில்லை."

பழைய ஸ்கூப்பை, இனி எதற்கு என்று, முந்தின நாள்தான் குப்பையில் போட்டிருந்தேன்.