பொறுப்புத் தலைமையாசிரியர் குறிப்பேடு – பாம்பன் கரை நடுநிலைப் பள்ளி

ஜூன் 9, திங்கள்

சாவிக்கொத்தைக் கையில் வாங்குமுன் பதிவேடுகளை எண்ணி வாங்க வேண்டும். ரொக்கப் பதிவேட்டின் கடைசி இருப்பு வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப்போனால், அந்த வரிக்குக் கீழே தேதியிட்டு இருவரும் கையெழுத்துப் போடுவது. டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) புத்தகத்தில் கடைசியாகக் கொடுத்த எண், மிச்சமிருக்கும் வெற்றுத் தாள்களின் எண்கள், இரண்டும் ஒப்படைப்புப் பட்டியலில் ஏற வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் இனிப் பொறுப்பில் இருப்பவர்தான்.

பழைய சேர்க்கைப் பதிவேட்டில் ஸ்டேப்ளர் முள் உப்புக்காற்றில் துருவேறித் தாளைத் தின்றிருக்கிறது. முள்ளைப் பிடுங்கிவிட்டு நூலால் தைப்பதே கடற்கரைக்கு ஏற்றது.

ஜூன் 10, செவ்வாய்

பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் தலைவரோடு தலைமையாசிரியரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பொறுப்பு ஆணை, குழுத் தீர்மான நகல், அடையாள அட்டை, புகைப்படம் ஆகியவற்றைக் கொடுத்து மாதிரிக் கையெழுத்தை மாற்றும்வரை காசோலை எழுதக் கூடாது. எழுதினால் திரும்பி வரும்.

ஜூன் 12, வியாழன்

சத்துணவு அரிசி 1 முதல் 5ஆம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 150 கிராம். இன்று உண்டவர்கள் 62, 38. ஆக 6.2 கிலோவும் 5.7 கிலோவும், மொத்தம் 11.9. வருகைப் பதிவேட்டை எண்ணிய பிறகே அரிசி அளக்க வேண்டும். நேற்றைய எண்ணிக்கையை வைத்து அளந்தால் இருப்புப் பதிவேடு வாரக் கடைசியில் இடிக்கும். முட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிவிட்டே அவிக்க வேண்டும்.

தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, அரை மணி நேரம் விட்டபின் குழாயைத் திறக்கலாம். ஈரக்காற்று பட்டால் பவுடர் வீரியம் இழக்கும். கட்டி தட்டிய பையை நம்ப வேண்டாம்.

ஜூன் 16, திங்கள்

61 நாள் மீன்பிடித் தடை 14ஆம் தேதியோடு முடிந்தது. தூத்துக்குடிப் பக்கம் தொழிலுக்குப் பெயரும் குடும்பங்கள் டி.சி. கேட்டு வருகிறார்கள். பிறந்த தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தே எழுத வேண்டும், எண்ணிலும் எழுத்திலும். ஆதாரில் வேறாக இருந்தால் அதைப் பார்த்து இங்கே திருத்தக் கூடாது. அதற்கு உரிய ஆணை வேண்டும்.

தாளைக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில், பிள்ளையின் பெயரை நம் பட்டியலிலிருந்து எடுத்து எல்லாப் பள்ளிகளுக்குமான பொதுத் தொகுப்புக்கு மாற்றாவிட்டால், புதுப் பள்ளி தன் பட்டியலுக்குள் இழுக்க முடியாது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பெயர் மட்டும் இங்கேயே கிடக்கும். டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. போகிற பெற்றோரிடம் இதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

இன்று எழுதியவை 3. மூன்று பெயர்களும் பிற்பகலிலேயே எமிஸில் மாற்றியாயிற்று.