மாடு அங்கேயே நிற்குமா?

கிளிநொச்சி முரசுமோட்டையில் அம்மாவின் குசினிச் சுவரில், அரிசி வாளிக்கு மேலே, மார்க்கரால் நாலு இலக்கம் எழுதியிருக்கிறது. 117 இடர் முகாமைத்துவ நிலையம், 119 பொலிஸ், 110 தீயணைப்பு, 1990 இலவச அம்புலன்ஸ். அதற்குக் கீழே இன்னும் பெரிதாக ஐந்தாவது ஒன்று: எங்கள் கிராம சேவகருடையது. அம்மா முதலில் எடுப்பது அதைத்தான்.

காரணம் இருக்கிறது. 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் எங்கள் கண்டாவளைப் பக்கம்தான் இறங்கும். சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த இடர் முகாமைத்துவச் சட்டத்தோடு உருவான எச்சரிக்கை முறை அப்போதும் இருந்தது: கொழும்பில் இருந்து மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், பிறகு ஜி.எஸ். என்கிற கிராம சேவகர். ஆனால் கரண்ட் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. ஒழுங்கைக்குள் ஜி.எஸ்ஸின் மோட்டார் சைக்கிள் வந்து நீட்டி ஹோன் அடித்தது. எங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை அவ்வளவுதான். அரிசி வாளியைப் பரணில் ஏற்ற நேரம் போதுமாக இருந்தது. கோழிகளுக்குப் போதவில்லை.

இன்னொரு மழைக்கு எச்சரிக்கை எஸ்.எம்.எஸ்ஸாகவே வந்தது. மழை விட்ட மறுநாள், சிங்களத்தில். அம்மாவின் பட்டன் போனில் அது வெறும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. "யாரோ சீட்டுக்கட்டு அனுப்பியிருக்கினம்" என்றார்.

1990 பற்றிக் குறை சொல்ல மாட்டேன். 2018 ஆடியில் வடக்குக்கு வந்தது, காசு இல்லை. போன வருடம் பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நெஞ்சுநோ வந்தபோது அம்மாதான் எடுத்தார். மறுமுனையில் இருந்த பிள்ளை தமிழில் பேசியது, இடம் எது என்று கேட்டது. ஸ்மார்ட் போன் என்றால் அப்பிலேயே இடம் தெரிந்துவிடுமாம். அம்மாவிடம் இருப்பது வாய்தான்.

"பரந்தன் சந்தியில திரும்பி முல்லைத்தீவு றோட்டால வாங்கோ பிள்ளை. கோயில் தாண்ட ஒரு வெள்ளை மாடு நிக்கும், அதுக்கு நேரே படலை."

"மாடு அங்கேயே நிக்குமா அம்மா?"

அம்மா யன்னலால் எட்டிப் பார்த்தாராம். மாடு போய்விட்டது. கடைசியில் தம்பியை டோர்ச்சோடு றோட்டில் நிறுத்தினார்கள். அம்புலன்ஸ் வந்தது, ஐயாவும் தப்பினார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது எங்கள் வாசல் படலைக்கு நீலப் பெயின்ற் அடித்துவிட்டு வந்தேன். சுவரில் இலக்கங்களுக்குப் பக்கத்தில் அம்மா புதிதாக எழுதியிருக்கிறார்: "நீலப் படலை."