பள்ளியில் சீண்டப்படும் பிள்ளை: என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது

பிள்ளை வாய் திறக்கும் முதல் நிமிடத்திலேயே நாம் கொதித்துப் போனால், அடுத்த முறை அது எதையும் சொல்லாது. "நீ என்ன பண்ணினே?", "திருப்பி அடிக்க வேண்டியதுதானே?" இரண்டுமே வேண்டாம். "சொன்னது நல்லதாப் போச்சு, உன் மேல தப்பில்ல" போதும்.

அன்றிரவே ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யார் செய்தது, யார் பார்த்தது, பிள்ளை சொன்ன அதே வார்த்தைகள். கைப்பேசியில் வந்த மிரட்டலை, அனுப்பியவர் பெயரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். ஒற்றைச் சம்பவம் என்றால் "பசங்க சண்டை" என்று பள்ளி தட்டிக்கழிக்கும். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, பலமுள்ளவர் பலமில்லாதவருக்குச் செய்வது என்று காட்டுவது தேதிவாரியான பட்டியல்தான்.

வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். பேசியதை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். "நடவடிக்கை எடுங்க" என்று மட்டும் கேட்டால் ஒன்றும் நகராது. கழிப்பறைப் பக்கமும் படிக்கட்டிலும் இடைவேளையில் யார் நிற்பார்கள், பேருந்தில் இடம் மாற்றுவார்களா, மறுபடி எந்தத் தேதியில் சந்திப்பது என்று கேளுங்கள்.

சீண்டிய பிள்ளையையும் உங்கள் பிள்ளையையும் பள்ளியில் எதிரெதிரே உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். பயந்த பிள்ளை அங்கே உண்மையைச் சொல்லாது. வெளியே வந்ததும் அதற்கும் சேர்த்து வாங்கும். சீண்டிய பிள்ளையின் பெற்றோரிடம் நேரே போவதும் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

தூக்கம், சாப்பாடு குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். "செத்துடலாம்னு இருக்கு" என்று சொன்னால் தனியே விடாதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள்.