சீல் நம்பர்

ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் பதினாறு ஆண்டுகள் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். ஒருநாள் கன்டெய்னர் கதவில் மாட்டும் சீலின் நம்பரில் இருந்த 8-ஐ, சலானில் 3 என்று எழுதிவிட்டேன். சரக்கு அப்படியே இருந்தது, சீலும் உடையவில்லை. ஆனாலும் துறைமுக வாசலில் லாரி இரவு முழுக்க நின்றது. டிரைவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஓர் எண் பிசகியதற்கா இவ்வளவு என்ற எரிச்சலில் சீலின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். அது சுமேரியரின் உருக் நகரத்துக்கு, இன்றைய இராக்கின் தென்பகுதிக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே இனன்னா தேவியின் கோயில் வழிபாட்டோடு நிற்கவில்லை. தானியமும் கம்பளியும் வந்து சேர்ந்து, கூலியாகப் படியளக்கப்பட்ட இடமும் அதுதான். அந்த நாட்டில் கிடங்குக் கதவின் கயிற்றைச் சுவர் முளையில் சுற்றி, அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, உருளை முத்திரையை உருட்டிவிடுவார்கள். உடைக்க ஒரு தட்டுப் போதும். ஆனால் உடைத்தது தெரிந்துவிடும். எங்கள் சீலுக்கும் முதல் வேலை அதுவே. பெரிய கட்டர் கொண்டு வருகிறவனை அது தடுக்காது, காட்டிக்கொடுக்கும்.

சுமார் 5,000 ஆண்டுப் பழமையான களிமண் பலகை ஒன்றில் இப்படி இருக்கிறது: 29,086 அளவு பார்லி, 37 மாதம், குஷிம். குஷிம் என்பது அந்தக் கணக்குக்குப் பொறுப்பான ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். எப்படியானாலும் அவர் என் இனம்.

பேக்கிங் மேசையின் கதை நேர்மாறானது. 1943-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் வெஸ்டா ஸ்டவுட். தோட்டாப் பெட்டிகளைக் காகிதப் பட்டையால் ஒட்டி மெழுகில் முக்குவார்கள். பிரிப்பதற்கு விட்ட நுனியை இழுத்தால் அது கையோடு கிழிந்து வரும். அவருடைய மகன்கள் இருவர் கடற்படையில் இருந்தார்கள். எதிரி சுடும்போது பெட்டி திறக்கவில்லை என்றால்? வலுவான துணி டேப்பை ஒட்டலாம் என்றார். நல்ல யோசனை என்றார்கள் மேலதிகாரிகள், காரியம் நடக்கவில்லை. படம் வரைந்து அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் போட்டுவிட்டார். அப்படி வந்த டக்ட் டேப்தான் இன்று வீட்டுக்கு வீடு வெள்ளி நிறத்தில் கிடக்கிறது.

எங்கள் பேக்கிங் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். டேப் ஒட்டியதும் நுனியை அரை விரல் அளவு மடித்துவிடுவார், பிரிப்பவரின் நகம் போகக் கூடாதென்று. நேரம் வீணாகிறது என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். அவர் பதில் பேசவில்லை. அடுத்த பெட்டியிலும் மடித்தார்.