பசு லட்சுமியின் சமாதியில் ஒரு காலைப்பொழுது

எங்கள் வீட்டு மணி போய் இருபது நாள் ஆகியிருந்தது. பதின்மூன்று வருஷம் எங்களோடு இருந்த நாட்டு நாய். சிறுநீரகம் கெட்டுப்போய் கடைசி நான்கு நாளும் தண்ணீர்கூட இறங்கவில்லை, என் பாயை அதன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். துக்கம் கேட்க வந்த உறவுக்காரர் ஒருவர், "நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த "தானே" எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அதற்கப்புறம் யார் முன்னாலும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அதைத்தான் மன உறுதி என்று நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். செஞ்சி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அண்ணாமலை தெரிய ஆரம்பித்துவிடும், பஸ்ஸில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொண்டேன். பெரிய கோயிலுக்குச் சாயங்காலம் போகலாம் என்று நேரே செங்கம் சாலையில் இருக்கும் ரமணாசிரமத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். தரிசனம் என்பதைவிட ஒரு சமாதியைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன், அதுவும் ஒரு பசுவின் சமாதி.

பகவான் என்று பக்தர்கள் அழைக்கும் ரமண மகரிஷியின் சமாதி மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், மனசு நிற்கவில்லை. எழுந்து பின்பக்கம், மலையை ஒட்டிய பகுதிக்குப் போனேன். அங்கே வரிசையாகச் சின்னச் சின்ன சமாதிகள். லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், அப்புறம் பெயரில்லாத ஒரு காக்கை. லட்சுமியின் சமாதிமேல் கல்லில் அவளையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். நெற்றியில் யாரோ வைத்த குங்குமம் வியர்த்ததுபோல் கொஞ்சம் வழிந்திருந்தது, கொம்புக்குப் பக்கத்தில் வாடாத ஒரே ஒரு செவ்வரளி.

லட்சுமி கன்றாக ஆசிரமத்துக்கு வந்தது 1926-ல். குடியாத்தம் பக்கம் குமாரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு பக்தர் தாயும் கன்றுமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது மாடு கட்ட ஆசிரமத்தில் வசதி இல்லை, அதனால் ஊருக்குள் ஒருவர் வீட்டில் வளர்ந்தாள். ஆனால் வழி பழகியதும் காலையில் தானே நடந்து ஆசிரமத்துக்கு வந்துவிடுவாளாம், நாள் முழுக்க இருந்துவிட்டுச் சாயங்காலம் தானே திரும்பிப் போவாளாம். பகவான் இருக்கும் ஹாலுக்குள் நேரே நுழைந்து அவர் முன்னால் போய் நிற்பாள். மலையில் இருந்த காலத்தில் பகவானுக்குக் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த கீரைப்பாட்டிதான் லட்சுமியாக வந்திருக்கிறாள் என்று பக்தர்கள் நம்பினார்கள். இதை நம்புவதற்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. யானையும் சிலந்தியும் பூசை செய்ததாகத் தலபுராணம் சொல்லும் திருவானைக்காவுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிற ஜனங்கள்தானே நாம்.

1948 ஜூன் 18-ம் தேதி அவள் கடைசி மூச்சு விட்டபோது பகவான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கை தலையில், ஒரு கை நெஞ்சில். 1922-ல் தன் தாயார் அழகம்மாள் போகும்போதும் அவர் அப்படித்தான் கை வைத்திருந்தார். அப்புறம் ஒரு வெண்பா எழுதினார். சர்வதாரி வருஷம், ஆனி மாதம், வளர்பிறை துவாதசி, வெள்ளிக்கிழமை, விசாக நட்சத்திரத்தில் பசு லட்சுமி முக்தி அடைந்தாள் என்பது அதன் பொருள். மரியாதைக்குச் சொன்ன வார்த்தையா, நிஜமாகவே முக்தியா என்று ஒரு பக்தர் கேட்டபோது, நிஜமாகவேதான் என்று சொல்லிவிட்டார்.

ஒரு மாட்டுக்கு வருஷம், மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் பார்த்து எழுதியிருக்கிறாரே என்று நினைத்த நொடியில் எனக்கு உடைந்துவிட்டது. இருபது நாளாகப் பிடித்து வைத்திருந்த அழுகை. அங்கே யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்தியிருந்த ஒரு வயதான அம்மா மட்டும் என்னைப் பார்த்தார், பிறகு ஜாக்கியின் சமாதிப் பக்கம் கையைக் காட்டி, "அங்கயும் போய்க் கும்பிட்டுக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். நான் மணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜாக்கிக்கு உடம்பு முடியாமல் போனபோது பகவான் மெத்தென்று படுக்கை போட்டுக் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டார். ஆசிரமத்து நாய்களை அவர் அஃறிணையில் பேசியதே இல்லையாம். "பசங்களுக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்றுதான் கேட்பார். முதலில் நாய்களுக்கு, அடுத்து வாசலில் வரும் ஏழைகளுக்கு, கடைசியில்தான் பக்தர்களுக்கு, அதுதான் அங்கே முறை. இந்த உடம்புக்குள் எந்த ஆத்மா குடியிருக்கிறதோ, எந்த வினையைத் தீர்த்துக்கொள்ள நம்மைத் தேடி வந்திருக்கிறதோ நமக்கென்ன தெரியும் என்பது அவர் சொன்னதின் சாரம்.

சரி, அன்பு புரிகிறது, மன உறுதி? அங்கே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு 1924 ஜூன் 26 இரவுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆசிரமம் என்றால் சில கூரைக் குடிசைகள், அவ்வளவுதான். நடு இரவு நெருங்கும் நேரத்தில் திருடர்கள் வந்து ஜன்னலை உடைக்கிறார்கள். இளைஞர்கள் எதிர்த்து அடிக்கக் கிளம்பினார்கள், பகவான் விடவில்லை. அவர்கள் தர்மம் அவர்களுக்கு, நம் தர்மம் நமக்கு, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகட்டும், நாம் வெளியே போய்விடுவோம் என்றார். அப்படி வெளியேறும்போதும் திருடர்கள் அடித்துவிடக்கூடாதே என்று கருப்பன் என்ற நாயை முதலில் வேறு குடிசைக்குக் கொண்டுபோகச் செய்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். வாசலில் அடி விழுந்தது. பகவானின் இடது தொடையில் அடித்தார்கள். திருப்தி இல்லையென்றால் இன்னொரு காலிலும் அடித்துக்கொள் என்றார். பின்னால் அதைப் பற்றிப் பேசும்போது, எனக்கும் நல்ல பூசை கிடைத்தது என்று சொல்லிச் சிரித்தாராம்.

எனக்கு அந்த இரவில் மிகப் பெரியதாகப் படுவது கருப்பன்தான். ஜன்னலை உடைக்கிற சத்தத்துக்கு நடுவில் ஒரு நாயைப் பற்றி யோசிக்க இடம் இருந்த மனசு எவ்வளவு அசையாத மனசாக இருந்திருக்க வேண்டும். நான் இருபது நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அந்த வகையைச் சேர்ந்த பலமே இல்லை, வெறும் வீம்பு.

அப்புறம் பின்வாசல் வழியாக, மலைமேல் பகவான் முன்பு தங்கியிருந்த ஸ்கந்தாசிரமத்துக்குப் போகும் பாதையில் ஏறினேன். கல் பாவிய பாதை, நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் குரங்குகள். மேலே ஒரு பாறையிலிருந்து பார்த்தால் அண்ணாமலையார் கோயிலின் கோபுரங்கள் மொத்தமும் கீழே தெரிகிறது, 217 அடி உயர ராஜகோபுரம் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு தாய்க்குரங்கு என்னிடமிருந்து நாலடியில் வந்து உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்த்தது. குட்டியின் காது வெயிலில் ரோஜா நிறமாக ஒளி ஊடுருவித் தெரிந்தது. இரண்டு பேரும் என்னைச் சட்டை செய்யவே இல்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், மனசு அங்கேதான் கொஞ்சம் நின்றது.

சாயங்காலம் பெரிய கோயிலில் தரிசனம் முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வந்து சேர்ந்தேன். கைகால் கழுவிவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். ஆவணி மாதம், தேய்பிறை சப்தமி, கார்த்திகை நட்சத்திரம், மணி.

அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "கிழமையை விட்டுட்டியே, திங்கள்னு போடு" என்றாள்.