வித்தியாசம் தெரியாது

"வீட்டுக்கு வர்றவங்க பாத்தா, இது எங்கம்மா ஹவுஸ்கோட்டுத் துணின்னு நெனப்பாங்களா?"

என் பிரேம் கடையில் அந்த ஆன்ட்டி கேட்டது இவ்வளவுதான். படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டையான மவுண்ட் போர்டின் மேல் இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிமிராமலே பதில் சொன்னேன். "நெனப்பாங்க ஆன்ட்டி. வித்தியாசமே தெரியாது."

"அப்ப சரி" என்றார்.

அந்தச் "சரி" எப்படிப்பட்டது என்பதை இன்றுவரை என்னால் முடிவுகட்ட முடியவில்லை. நிம்மதியில் வந்ததா, இனி பேசிப் பயனில்லை என்று வந்ததா? முகத்தைப் பார்த்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் கோணினாலும் அதன் நடுவில் படம் தெரிய வெட்டும் ஜன்னல் கோணலாகிவிடும், அதனால் பார்க்கவில்லை. இது சாக்கு இல்லை. எங்கள் வேலையில் கண் போர்டில்தான் இருக்க வேண்டும்.

அவர் கொண்டுவந்தது இரண்டு பொருள்கள். ஒன்று, அவருடைய அம்மா போட்ட எம்பிராய்டரி. வெள்ளைப் பருத்தியில், கிளைமேல் உட்கார்ந்த ஒரு மயில். கழுத்துக்குச் சங்கிலித் தையல், தோகைக்கு லேஸி டெய்சி, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பிரெஞ்சு முடிச்சு. மூலையில் வேல், அதன் கீழே தமிழில் "முருகா". அந்தக் காலத்தில் பகலெல்லாம் தையல் ஃபேக்டரியில் மெஷின் ஓட்டிவிட்டு, ராத்திரி இப்படி உட்கார்ந்து கையால் போட்டவர்கள் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நிறையப் பேர். இந்த ஆன்ட்டியும் மெஷினிஸ்ட்டாக இருந்தவர்தான். 1990களுக்குப் பிறகு இறக்குமதித் துணி வந்து குவிந்து ஃபேக்டரிகள் மூடியபோது வேலை போனவர்.

இரண்டாவது, அம்மா வீட்டில் உடுத்திய அங்கி, ஹவுஸ்கோட். ஃபேக்டரி கட் பீஸில் தைத்தது. வெளிறிய மஞ்சளில் சின்னச் சின்ன சிவப்பு ரோஜாக்கள், நடுநடுவே பச்சை இலை. இதை வெட்டி மவுண்டில் சுற்றி, நடுவில் மயிலை வைத்து பிரேம் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். அருமையான எண்ணம் அது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வெறும் கிரீம் நிற போர்டுக்குள் எம்பிராய்டரியை வைத்தால் அது ஏதோ பரீட்சைக்கு வந்து நிற்பதுபோல் இருக்கும். பூப்போட்ட துணி சுற்றிலும் இருந்தால் அது ஒரு வீட்டில் செய்தது, ஒருவர் மடியில் வைத்துச் செய்தது என்பது பார்த்ததும் புரிந்துவிடும்.

ஆனால் துணி ஒத்துழைக்கவில்லை. அக்குள் பக்கம் இழை நைந்து, விரல் பட்டாலே பிரிந்தது. முதுகுப் பக்கம் பார்க்க நன்றாயிருந்தது. மவுண்டில் சுற்ற வேண்டுமானால் நாலு பக்கமும் இழுத்து ஒட்ட வேண்டும், உள் ஜன்னலில் குறுக்காக வெட்டி, இரண்டு சென்டிமீட்டர் விளிம்பு விட்டுப் பின்னால் மடிக்க வேண்டும். அந்த நாலு மூலைகளில்தான் துணியின் பலம் தெரியும். அதைக்கூடச் சமாளித்திருப்பேன், பின்னால் மெல்லிய பருத்தியை அடிகொடுத்து. சாயம்தான் கையை விரித்தது. ஈரப்படுத்திய வெள்ளைப் பஞ்சை உள்மடிப்பில் வைத்து அழுத்தி எடுத்தால், பஞ்சில் இளஞ்சிவப்பு. ரோஜா கசிகிறது.

டர்பன் கோடையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கண்ணாடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். அந்தச் சிவப்பு மெல்ல மெல்ல நகர்ந்து மயிலின் வெள்ளைத் துணியில் ஏறிவிடலாம். ஹவுஸ்கோட்டைத் துவைத்துச் சாயத்தை வெளியேற்றலாமா என்றால், அந்த நைந்த இழை துவைத்தலைத் தாங்காது. அம்மாவின் துணியை வைத்து அம்மாவின் தையலைக் கெடுப்பதா? இதை ஆன்ட்டிக்குச் சொன்னேன், பஞ்சையும் காட்டினேன். அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் துணியில் கை வைத்தவர். பஞ்சைப் பார்த்ததும் தலையாட்டினார்.

பிறகுதான் அலமாரியிலிருந்து அந்தப் புதுத் துணியை எடுத்தேன். பழைய பாணியில் இப்போது அச்சிட்டு வருபவை. புது வெள்ளைப் பருத்தியில் தேநீர்க் கறைபோன்ற ஒரு நிறத்தை முதலில் அடித்து, அதன்மேல் பூவின் நிறங்களைச் சாம்பல் கலந்து மங்கலாக்கி அச்சிடுவார்கள். வெயிலில் நாற்பது வருடம் கிடந்த வெளிறலை ஆலையிலேயே போட்டுத் தந்துவிடுகிறார்கள். அதிலும் சின்ன ரோஜா, அதிலும் பச்சை இலை. ஹவுஸ்கோட்டின் பக்கத்தில் வைத்தபோது நானே ஒரு கணம் திகைத்தேன். ஆன்ட்டி இரண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார், ஒன்று மாற்றி ஒன்றாக. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

வேலையைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அச்சுப்பூ தையல்பூவைவிடச் சிறியதாக, நிறம் ஒரு படி அடங்கியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் போட்ட பூ கை போட்ட பூவை விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் வெற்றுக் கிரீம் பட்டை விட்டேன், கண்ணுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். புதுத் துணியை முதலில் துவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, பஞ்சுச் சோதனையும் செய்துதான் எடுத்தேன். பசையை போர்டில் மெல்லத் தடவி, கையில் ஒட்டும் பதம் வரும்வரை காத்திருந்து துணியை விரித்தேன். அவசரப்பட்டால் பசை ஊறி மேலே கறையாக வரும். மயிலில் ஒரு சொட்டுப் பசைகூடப் படவில்லை. அமிலமில்லாத பருத்தி போர்டில் பின்பக்கம் நூலால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். நாளைக்கு யார் வேண்டுமானாலும் நூலை வெட்டி அதை அப்படியே எடுக்கலாம். கண்ணாடி முடிச்சுகளை அழுத்தாதபடி ஓரத்தில் இடைக்கட்டை வைத்திருக்கிறேன். இதில் எதையும் மாற்றிச் செய்திருக்க மாட்டேன்.

எனக்கு ஆறாதது அந்தப் பதில் மட்டும்தான்.

அவர் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தால் என் பதில் ஆறுதல். அம்மா துணி என்றே எல்லாரும் நினைக்கட்டும் என்று அவர் விரும்பியிருக்கலாம். பயந்து கேட்டிருந்தால்? அம்மா உடுத்தாத ஒன்றை அம்மாவுடையது என்று எல்லாரும் நம்பிவிடுவார்களே என்று கேட்டிருந்தால், நான் அந்தப் பயத்தை உறுதிசெய்து, அதையே நல்ல செய்திபோலச் சொல்லியிருக்கிறேன். ஒரே கேள்வி இரண்டு பக்கமும் திரும்புகிறது. எது என்று கேட்டிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். வாடிக்கையாளரின் மனதைக் கிளறுவது என் வேலையா என்று சில நாள் தோன்றும். அவர் கேட்டது ஒரு பொருளைப் பற்றிய கேள்வி, நான் சொன்னது அந்தப் பொருளைப் பற்றிய உண்மை. வித்தியாசம் தெரியாது என்பது உண்மைதானே.

இன்னொன்றும் இருக்கிறது, அது என் குழப்பத்தைக் கூட்டுகிறது. ஹவுஸ்கோட்டிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டி, கண்ணாடித்தாள் உறையில் போட்டு, பிரேமின் பின்னால் வைத்துத் தரட்டுமா என்று நான் கேட்டேன். சாயம் எங்கும் போகாது, அம்மாவின் துணியும் கூடவே இருக்கும்.

"வேணாம் கண்ணு. அத வெட்டாதே."

முழுதையும் வெட்டச் சொல்லி வந்தவர். உள்ளங்கை அளவு வெட்டக்கூடாது என்கிறார். அப்படியானால் முதலிலிருந்தே மனமில்லாமல்தான் கொண்டுவந்தாரா? சாயம் கசிந்தது அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டதா? அப்படியென்றால் நான் உதவிதான் செய்திருக்கிறேன். மடித்து எடுத்துக்கொண்டு போனார். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் மனம் லேசாகும். அப்புறம் பிரேமை வாங்க வந்த நாள் ஞாபகத்துக்கு வரும்.

பேத்தியோடு வந்திருந்தார். பிரேமை மேசையில் நிறுத்தியதும் அந்தப் பெண் குனிந்து பார்த்து, "இது கொள்ளுப்பாட்டியோட ஹவுஸ்கோட் தானே!" என்று இங்கிலீஷில் கூவினாள். கண்ணாடியில் விரல் வைத்து அந்த ரோஜாக்களைத் தொட்டாள். மயிலைத் தொடவில்லை, ரோஜாவைத்தான் தொட்டாள். ஆன்ட்டி என் பக்கம் திரும்பி, தமிழில், "எவ்ளோ ஆச்சும்மா?" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நான் தொகையைச் சொன்னேன். ரசீதில் பூத்துணிக்குத் தனி வரியில் விலை இருந்தது. ரசீதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது என்று எனக்குத் தோன்றவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். ஆனால் அந்தப் பெண்ணின் விரல் மறக்கமாட்டேன் என்கிறது.

என்னை நானே சமாதானம் செய்துகொள்ள ஒரு வாதம் வைத்திருக்கிறேன். நான் பிறந்தது நாகப்பட்டினத்தில். எங்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணிக்கு ஐரோப்பா அலைந்தது. பிரான்ஸ் 1686இல் அதைத் தடைசெய்து 1759 வரை தடையை வைத்திருந்தது. இங்கிலாந்து 1701இலும் 1721இலும் சட்டம் போட்டது. தடையின் நிழலில் அவர்கள் ஆலைகள் நம் பூக்களைப் பார்த்துப் பார்த்து அச்சிடக் கற்றன. பின்னாளில் அதுவே பழைய இங்கிலீஷ் ரோஜாத் துணி என்று பேர் வாங்கியது. அந்த வகை அச்சுதான் எப்படியோ ஆன்ட்டியின் அம்மாவிடம் கட் பீஸாக வந்து சேர்ந்தது. இங்கே ஷ்வேஷ்வேயைப் பாருங்கள். மத்திய ஐரோப்பாவின் நீல அச்சுத்துணி. 1840களில் பிரெஞ்சு மிஷனரிகள் சோத்தோ மக்களின் மன்னர் மொஷ்வேஷ்வேவுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1982இல்தான் ஈஸ்டர்ன் கேப்பில் டா காமா ஆலை இந்த நாட்டிலேயே அச்சிடத் தொடங்கியது. அது கடன்வாங்கிய துணி என்று இன்று ஒரு சோத்தோ மணப்பெண்ணிடம் யாராவது சொல்ல முடியுமா? உடுத்தியவர்களுடையதாகிவிட்டது. ஹவுஸ்கோட் துணியே நகலின் நகல் என்றால், நான் எடுத்துக்கொடுத்தது அதற்கு அடுத்த நகல், அவ்வளவுதானே.

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷ்வேஷ்வே உடுத்தியதால் அவர்களுடையதானது. நான் கொடுத்த துணியை அந்த அம்மா உடுத்தவில்லை. அடுப்புப் புகையும் வியர்வையும் அதில் ஏறவில்லை. அந்த ரோஜாக்கள் வெளிறியது யாருடைய வெயிலிலும் இல்லை. ஆன்ட்டி விரலால் தேய்த்துப் பார்த்தபோது இது எல்லாம் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

பிரேமின் பின்னால் தூசித்தாள் ஒட்டுவதற்கு முன், எந்த போர்டு, எந்தப் பசை, என்ன தேதி என்று பென்சிலில் எழுதிவைப்பது என் வழக்கம். பின்னால் திறக்கப்போகிறவருக்கு உதவும். எப்போதும் இங்கிலீஷில்தான் எழுதுவேன். அன்று அதன் கீழே தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: "மயில் பழையது, சுற்றியுள்ள பூத்துணி புதியது." உண்மையைப் பதிவுசெய்தேன் என்று அப்போது தோன்றியது. அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கோ ஏற்கெனவே தெரியும் என்பது கடையைப் பூட்டும்போதுதான் உறைத்தது. அதை நேர்மை என்று சொல்வதா, மறைத்தது என்று சொல்வதா? இரண்டும் எனக்குச் சரியாகவே படுகிறது.

அதற்குப் பிறகு, புதுத் துணி போடும்போதெல்லாம் வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: இது பழையதுபோல அச்சிட்ட புதுத்துணி, கேட்பவர்களிடம் அப்படியே சொல்லுங்கள் என்று. சிலர் நன்றி சொல்கிறார்கள். சிலர் முகம் வாடுகிறது, அதை நான் எதற்குச் சொன்னேன் என்பதுபோலப் பார்க்கிறார்கள். ஒரு பெண், துணியே வேண்டாம், வெறும் போர்டு போடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த எம்பிராய்டரிக்குப் பூத்துணி எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லியது நல்லதா என்று அங்கேயும் உறுதியில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், ஆன்ட்டி மறுபடி வந்தார். அம்மாவின் இன்னொரு எம்பிராய்டரி, இது தாமரை. கேப் டவுனில் இருக்கும் மகனுக்காம். ஹவுஸ்கோட் கொண்டுவரவில்லை. மேசையில் தாமரையை விரித்துவிட்டு, "இதுக்கும் அதே அம்மா துணியே போடும்மா" என்றார்.

இந்தமுறை நிமிர்ந்துதான் இருந்தேன். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் திருத்தவில்லை, சரி என்றேன். அந்த டிசைன் நின்றுவிட்டது, இனி வராது என்று மொத்தக்கடையில் சொல்கிறார்கள். மீதி அரை மீட்டர் இருக்கிறது. 40க்கு 50 சென்டிமீட்டர் மவுண்டுக்கு அது போதும், ஆனால் பூவின் வரிசை கோணாமல் வர வேண்டுமென்றால் குறுக்காக வைத்துத்தான் வெட்ட வேண்டும். பின்னால் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. திங்கட்கிழமை வெட்டுகிறேன்.